வலிக்குதா? நல்லது

“...ஊரே துள்ளித் துள்ளிப் போகுது, நீங்க மட்டும் கல்யாண வீட்டுப் பந்தியில எடம் பாக்குற மாதிரி ஆற அமர நடக்குறீங்களே தம்பி, ஒங்க காலுக்கு மட்டும் யாரும் ரோட்ட ஆற வச்சுக் குடுத்தாங்களா?”

அக்கா இதைக் கேட்டது தேர்த் திருவிழா அன்று, உச்சி வெயிலில், மாத்தளைக் கடைத்தெருவில். நான் மேல்சட்டை இல்லாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வடம் பிடித்துப் போய்க்கொண்டிருந்தேன். மாசி மாதத்துத் தார் ரோட்டை வர்ணிக்க வேண்டியதில்லை. கடைக்காரர்கள் குழாய் போட்டுத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருப்பார்கள். தேர் வந்து சேர்வதற்குள் அது காய்ந்துவிடும். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் ஒரு காலை வைப்பதும் மறு காலைப் பிடுங்குவதுமாகத்தான் போனார்கள். எனக்கு மட்டும் அந்த வருஷம் ரோடு சுடவே இல்லை. அம்மன் என்னைக் கண் திறந்து பார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வடம் பிடித்தவரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். என் நடையைப் பார்த்துவிட்டு ஒற்றைக் கையால் என்னைக் கும்பிட்டார்.

அக்கா கும்பிடவில்லை. கேள்விதான் கேட்டார்.

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒளிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, ஆனால் அவரே அதைப் பெரிதாக எடுத்தது கிடையாது. “கிளினிக்ல பேரக் கூப்பிட்டா நாலு பேரு எழும்புவாங்க தம்பி, நம்பரக் கூப்பிட்டா ஒருத்தர்தான்” என்பார். விடியக்காலையில் வரிசையில் நின்று எடுத்த துண்டில் என்ன இலக்கமோ, அன்றைக்கு முழுவதும் அவர் அதுதான். மத்தியானம் வந்து என் வண்டியில் ஏறி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “ஏழு வந்தாச்சு, எடுங்க” என்பார்.

நான் மாத்தளை பஸ் நிலையத்துப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவன். அக்கா எங்கள் தெருவில் சாரி ஜக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய் அவருக்கு நெடுநாளாக இருந்தது. மாதத்தில் ஒரு நாள் அவரைச் சீனிக் கிளினிக்கில் இறக்கி, பிறகு ஏற்றிக்கொண்டு வருவது என் வேலை. அப்படி ஏழெட்டு வருஷம் ஏற்றி இறக்கியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குள் நான் கால் வைத்ததில்லை. வெளியே வண்டியை நிறுத்திவிட்டு, எதிர்க் கடையில் இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்டீ குடிப்பேன். எனக்கும் சீனி இருந்தது. லைசன்ஸுக்கு மெடிக்கல் பார்த்தபோது சொல்லி, குளிசையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஞாபகம் வந்த நாள் போடுவேன். இதை அக்காவிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

அவரிடம் போய் வலிக்கிறது என்று சொன்னவர்களுக்கு ஆறுதல் கிடைத்ததே கிடையாது. வாழ்த்துத்தான் கிடைத்திருக்கிறது. ஒருமுறை எனக்குக் கடைவாய்ப் பல் வலித்துக் கன்னம் வீங்கிப்போயிருந்தது. அக்கா பின்சீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்.

“வலிக்குதா?”

“உசிரு போகுதுக்கா.”

“நல்லது.”

இன்னொரு முறை பக்கத்து வீட்டுக்காரர் காலில் சுடுகஞ்சியைக் கொட்டிக்கொண்டார். தெருவே ஓடியது. அக்காவும் தையலைப் போட்டுவிட்டு ஓடினார். பாதி தூரம் போகும்போது அந்த மனுசர் கத்துகிற சத்தம் கேட்டது. உடனே அக்கா ஓட்டத்தைக் குறைத்து, நடக்கத் தொடங்கினார். “கத்துறாரு. பயமில்ல” என்றார்.

அவரைப் பயமுறுத்திய வார்த்தை வேறு. ‘ஒன்றுமில்லை’ என்று யாராவது சொன்னால் கையிலிருக்கும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவார். “ஒண்ணுமில்லேன்னு சொன்னது யாரு, டாக்டரா, நீங்களா?” நாங்களே சொல்லிக்கொண்டதாக இருந்தால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும். தடித்த நூல் அறுந்தால் ‘டப்’ என்று கேட்கும், சன்ன நூல் பிரிந்துபோவது கழுவிக் காயப்போட்டு வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும் என்பார். உடம்பிலும் அப்படித்தானாம். மயிரை விடச் சன்னமான ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் பின்னால் இருக்கின்றன, கிட்னியில் இருக்கின்றன, கால் நரம்புக்குச் சாப்பாடு கொடுப்பதும் அவைதான். சீனி அதிகமாக ஓடினால் இந்த மூன்று இடத்திலும் தையல் பிரியும். சத்தம் வராது. வலிக்காது. டாக்டர் சிங்களத்தில் சொன்னதை அக்கா தையலில் மொழிபெயர்த்து எங்களுக்குச் சொன்னார்.

இதை அவர் டாக்டரிடம் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. அவருடைய வீட்டுக்காரர் பலாபத்வலயில் ஒரு கடையில் சீமெந்து மூட்டை ஏற்றி இறக்கும் வேலை செய்தார். அமைதியான மனுசர். ஒரு நாள் காலையில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய், நாள் முழுவதும் மூட்டை சுமந்துவிட்டு, பொழுது சாய வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு பொத்தான் விழுந்தது. அக்காவின் தையல் மேசையிலிருந்து விழுந்த பொத்தான், நான்கு ஓட்டைப் பொத்தான். அது அவருடைய வலது பெருவிரலுக்குக் கீழே பகல் முழுவதும் இருந்திருக்கிறது. அந்த இடத்தில் பொத்தான் அளவுக்கு ஒரு குழி. ரத்தம் காய்ந்திருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா பதறியபோது அவர் சிரித்திருக்கிறார். “ஒண்ணுமில்ல புள்ள, வலிக்கவே இல்ல” என்று சொல்லியிருக்கிறார்.

பத்து நாளில் விரலை எடுத்தார்கள். பிறகு கணுக்காலோடு எடுத்தார்கள். அந்தப் புண் ஆறிவிட்டது. கிட்னி மட்டும் ஆறவில்லை. மூத்திரம் நுரை கட்டிப் போனதையும் அவர் ‘ஒன்றுமில்லை’ கணக்கிலேயே வைத்திருந்தாராம்.

அவருடைய சாவு வீட்டில் நான் இருந்தேன். குளிப்பாட்டிக் கிடத்தியாயிற்று. கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும், அது எங்கள் வழக்கம். ஒரு பெரியவர் வெள்ளை நூலை எடுத்துக்கொண்டு கால்மாட்டில் போய் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார். ஒரு பெருவிரல்தான் இருந்தது. அதை எதோடு கட்டுவது என்று யாருக்கும் தெரியவில்லை. முழங்காலைச் சேர்த்துக் கட்டலாம் என்றார் ஒருவர். கட்டாமலே விடலாம் என்றார் இன்னொருவர், அப்படி விடுவது வீட்டுக்கு ஆகாது என்றார் மற்றவர். பேச்சு நீண்டுகொண்டே போனது. அக்கா எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. சாவு வீட்டில் மெஷின் சத்தம் கேட்டு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அவர் திரும்பி வந்தபோது கையில் வெள்ளைத் துணியில் தைத்த ஒரு பாதம் இருந்தது. உள்ளே பஞ்சு அடைத்து, ஐந்து விரலும் பிரித்துத் தைத்திருந்தார். கொண்டுவந்து கால் இருந்த இடத்தில் வைத்தார். அளவு மிகச் சரியாக இருந்தது.

“இதோட சேத்துக் கட்டுங்க” என்றார் பெரியவரிடம்.

அவர் கட்டினார்.

அதற்குப் பிறகு அக்கா வாழ்க்கையில் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. “எனக்குக் கட்டும்போது ரெண்டும் என்னோடதா இருக்கணும் தம்பி. அவ்வளவுதான் ஆச” என்பார். மற்றவர்கள் பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிற குரலில் இதைச் சொல்வார்.

அந்த ஆசைக்காக அவர் செய்த வேலைகள் தெருவுக்கே மனப்பாடம். செருப்பை எடுத்தால் கவிழ்த்துத் தட்டுவார், பிறகு கையை உள்ளே விட்டுத் தடவுவார், அதற்குப் பிறகுதான் கால். வீட்டுக்குள்ளும் செருப்புத்தான். குளிக்கிற தண்ணீரை முழங்கையை வைத்துத்தான் பார்ப்பார். காலை விட்டுப் பார்க்க மாட்டார். “காலு பொய் சொல்லும், கை இன்னும் பழகல” என்பார். பொழுது படும் நேரத்தில், ஜக்கெட் போட்டுப் பார்க்கிறவர்களுக்காக வைத்திருந்த நிலைக்கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்து, இரண்டு உள்ளங்காலையும் அதில் பார்ப்பார். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, எல்லாம். புதுச் செருப்பு வாங்கப் போனால் கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவுக்கு அரை நாள் போய்விடும். பின்னால் வார் இருக்க வேண்டும், உள்ளே தையல் உறுத்தக் கூடாது, விரல் ஒன்றோடொன்று நெருக்கப்படக் கூடாது. நானா பொறுமையான ஆள். ஒருநாள் மட்டும், “அக்கா, நீங்க செருப்பா வாங்குறீங்க, மருமகனா தேடுறீங்க?” என்று கேட்டுவிட்டார். “மருமகன் கடிச்சா சத்தம் கேக்கும் நானா” என்றார் அக்கா, கையை உள்ளேயிருந்து எடுக்காமல்.

சாப்பாட்டைப் பற்றி அவர் யாருக்கும் பிரசங்கம் வைத்ததில்லை. பொங்கலுக்கு ஒரு கரண்டி வாங்குவார், ஒரு கரண்டியோடு நிறுத்துவார். குளிசையை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை. பிரஷர் குளிசையைச் சீனிக் குளிசையை விட மரியாதையாகப் போடுவார். அது கிட்னிக்குக் காவல்காரன் என்று சொல்லுவார். வருஷத்துக்கு ஒருமுறை மூத்திரத்தைச் சோதிக்கக் கொடுப்பதும், கண்ணுக்குள் படம் எடுப்பதும் அவருக்குத் திருவிழா மாதிரி.

கண் படத்துக்கு அவரைக் கூட்டிப்போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கண்ணில் மருந்து விட்டு, கருமணி பெரிதாகி, வெளிச்சம் கூசக் கூச, துவாயால் முகத்தை மூடிக்கொண்டு வருவார். ஒரு வருஷம் கண்ணின் அடியில் சிவப்புப் புள்ளி இருக்கிறது என்று லேசர் அடித்துவிட்டார்கள். அப்போது அவர் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்த ஆள், கண்ணாடி கூட இல்லாமல். எனக்கு அது அநியாயமாகப் பட்டது. நன்றாகத் தெரிகிற கண்ணில் எதற்கு இவர்கள் கை வைக்கிறார்கள் என்று கேட்டேன். என் கண்ணைப் பாருங்கள் என்று, தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் போர்டை வாசித்தும் காட்டினேன். கலேவெல.

துவாய்க்குள்ளிருந்து பதில் வந்தது. “அது கண்ணு வாசிக்கல தம்பி, பழக்கம் வாசிக்குது. நீங்க கண்ண மூடிக்கிட்டாலும் அந்த பஸ்ஸு கலேவெலதான் போகும்.”

இன்னொன்று சொல்ல வேண்டும், நைலோன் முள். கிளினிக்கில் ஒரு நர்ஸ் மிஸ், மெல்லிய நைலோன் முள் ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டு, படுகிறதா என்று கேட்பாராம். அக்கா அதைப் பார்த்துவிட்டு வந்து, தூண்டில் நூலில் ஒரு துண்டு வெட்டி, காலி பேனாக் குழாயில் செருகி, தானே ஒன்று செய்துகொண்டார். தீபாவளி ஜக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் எல்லோரும், மார்பு, கை, இடுப்பு என்று கொடுத்து முடித்த பிறகு, கண்ணை மூடிக்கொண்டு காலையும் நீட்ட வேண்டும். “படுதா? இப்ப? இப்ப?” படவில்லை என்றால் ஜக்கெட் தைக்கப்படாது, முதலில் கிளினிக்குக்குப் போய் அங்கே சரியான முள்ளில் பார்த்துக்கொண்டு வரவேண்டும். “என்னோடது தூண்டில் நூலு, அதுல மீனுதான் புடிக்கலாம்” என்று அவரே சொல்லிவிடுவார். இரண்டு பெண்கள் இதற்காகவே வேறு தையல்காரியிடம் மாறிப்போனார்கள். அக்கா அவர்களை மறிக்கவில்லை. தெருவில் கண்டால் முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்ப்பார்.

என் காலையும் பல தடவை கேட்டார். எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு ஹயர் சவாரி வந்துவிடும்.

தேருக்கு ஒரு மாதம் முன்னால் என் வண்டியில் பிரேக் கெட்டுப்போனது. கெட்டுப்போனது என்றுதான் நான் நினைத்தேன். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டுவேன், அப்போதுதான் பிரேக் காலோடு பேசும். அது பேச்சை நிறுத்திவிட்டது. மிதித்தால் பஞ்சை மிதிக்கிற மாதிரி இருந்தது. எவ்வளவு மிதித்தேன் என்றே தெரியாமல், ஒன்று, மெதுவாகப் போய் முன்னால் உள்ள வண்டியை முத்தமிடுவேன், இல்லாவிட்டால் பின்னால் இருக்கிறவர் என் முதுகில் வந்து மோதுவார். மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பிரேக் ஷூ மாற்றினான். பிறகும் பஞ்சு. பெடலுக்குப் புது ரப்பர் போட்டான். பிறகும் பஞ்சு. மூன்றாம் தடவை அவனே ஏறி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “பிரேக்குல ஒரு கொறையும் இல்லண்ணே, வேற வண்டி வாங்க ஆசைன்னா அண்ணிக்கிட்ட நேரா சொல்லுங்க, என்னையச் சாட்சிக்குக் கூப்பிடாதீங்க” என்றான்.

கிளினிக் நாளில் இதை அக்காவிடம் ஒரு குறையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். இந்தக் காலத்து மெக்கானிக்குகளுக்கு வேலை தெரியாது என்றேன். தெரு முனை திரும்பும்போதுதான் அக்கா கேட்டார்.

“அவன் மிதிச்சா நல்லா இருக்கு. நீங்க மிதிச்சா பஞ்சு மாதிரி இருக்கு. அப்பிடித்தானே?”

“ஆமாக்கா. அவனுக்கு மிதிக்கவே தெரியல.”

முன் கண்ணாடியில் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. வீட்டு வாசலில் இறங்கினார். ஒரு நிமிஷம் உள்ளே வந்துவிட்டுப் போகச் சொன்னார். எனக்கு ஹயர் வந்துவிட்டது. அடுத்த நாள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார், நான் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லச் சொன்னேன். அதற்கு அடுத்த நாள் தேர்.

அக்கா தேருக்கு வருகிறவர் இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு அவர் வெறுங்காலை வெளியே வைத்ததே இல்லை. தேரோடு செருப்பு போட்டுக்கொண்டு நடக்கவும் முடியாது. அதனால் வீட்டு வாசலில் விளக்கேற்றி அங்கிருந்தே கும்பிட்டுக்கொள்வார். அந்த வருஷம் வந்தார். பின் வார் போட்ட செருப்போடு, கூட்டத்துக்குள், வடம் பிடிக்கிறவர்களுக்கு நடுவில் வந்தார். யாரோ ஒரு அம்மா செருப்பைக் காட்டி ஏதோ சொன்னது எனக்குக் கேட்டது. அக்கா அதைக் காதில் வாங்கவில்லை. அவர் குனிந்து கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். துள்ளுகிற கால், துள்ளுகிற கால், துள்ளுகிற கால். பிறகு என் கால்.

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நடந்ததை முழுவதும் சொல்லிவிடுகிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம். வலது உள்ளங்கால் வெந்து, தோல் பெருவிரலிலிருந்து குதிகால் வரை ஒரே கொப்புளமாக எழும்பியிருந்தது. இடது பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் மிஸ் கேட்ட முதல் கேள்வி, எப்படி இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்டீர்கள் என்பது. நான் பொறுக்கவே இல்லை என்று சொன்னதற்கு அவர் டாக்டரைக் கூப்பிட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் கொண்டுபோனதால் கால் தப்பியது, ஒரு வாரம் வீட்டில் வைத்து மருந்து பூசியிருந்தால் கதை வேறு என்றார் டாக்டர். இரண்டு மாதம் கட்டுப் போட்டேன். வண்டி தெருவோரம் நின்றது. கண்ணுக்குள் படம் எடுத்தார்கள், கலேவெல போர்டு வாசித்த அந்தக் கண்ணில் சிவப்புப் புள்ளி இருந்தது. லேசர் அடித்தார்கள். இப்போது கிளினிக்கில் எனக்கும் ஒரு இலக்கம் உண்டு. சப்பாத்துப் போட்டுத்தான் ஓட்டுகிறேன். பெடலைக் காலை நம்பி மிதிப்பதில்லை, வேகத்தைக் கண்ணால் பார்த்து முன்கூட்டியே மிதிக்கிறேன். இது சரியா என்று டாக்டரிடமும் கேட்டு, அவர் சோதித்துப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் வண்டியை எடுத்தேன். பிரேக் இன்றுவரை நன்றாக இருக்கிறது. மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அதை நண்பர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அக்கா காலமானார். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அதே பெரியவர், இன்னும் கூனிப்போய், வெள்ளை நூலோடு கால்மாட்டில் வந்து நின்றார். இந்தத் தடவை யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். உள்ளங்கால் இரண்டிலும் ஒரு கீறல் இல்லை. இரண்டு பெருவிரலும் அவருடையதுதான்.

நான் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் நினைவுக்கு வந்தது தேர் அன்று நடந்ததுதான். கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் பதிலுக்கு நிற்கவில்லை. எனக்கு முன்னால் குனிந்து, கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போக, தன் செருப்பின் பின் வாரை அவிழ்த்தார். ஒன்றை அவிழ்த்து வைத்துவிட்டு மற்றதையும் அவிழ்த்தார். இரண்டையும் கவிழ்த்துத் தட்டினார், கையை விட்டுத் தடவினார், என் காலுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

“போடுங்க.”

அம்மன் முன்னால் செருப்பா என்று நான் கேட்டேன்.

“அவகிட்ட நான் பேசிக்கிறேன். போடுங்க.”

வடத்தை விட்டுவிட்டுப் போட்டேன். பூப் போட்ட பொம்பளைச் செருப்பு. என் குதிகால் பாதி வெளியே நின்றது. அப்போதுதான் அக்காவின் வெறுங்கால் தாரில் பட்டது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு. பட்டதும் ஒரு காலைத் தூக்கினார், அதை வைத்துவிட்டு மற்றதைத் தூக்கினார். “சுடுது தம்பி” என்றார். பரீட்சை பாஸான பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “நல்லாச் சுடுது, தம்பி” என்று திரும்பவும் சொன்னார். சொல்லிக்கொண்டே, சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, துள்ளித் துள்ளி ரோட்டைக் கடந்து, நானாவின் கடை வாசலில் தண்ணீர் அடித்து நனைந்திருந்த இடத்துக்குப் போனார். அங்கே ஒரு கையால் கடைத் தூணைப் பிடித்துக்கொண்டு, முதலில் இடது காலைத் தூக்கி அடியைப் பார்த்தார். பிறகு வலது காலைத் தூக்கிப் பார்த்தார்.